யாரும் தூக்காத கம்பி

கட்டெறும்புவிளைக்காரர்களைப் பற்றி நான் தவறாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் மனைவிக்கு அதுதான் பிறந்த ஊர். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவர்களும் பொறுப்பில்லை, ஏனென்றால் அவர்கள் சிரிக்கும்படி எதுவும் செய்ததாக இன்றுவரை நினைக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு ஜிம் இருக்கிறது. வீரபுஜம் தேகப்பயிற்சிக் கழகம் என்று பெயர். முன்பு கருப்பட்டிச் சிப்பம் அடுக்கி வைத்திருந்த கிட்டங்கி அது. மழைக்காலத்தில் இன்றைக்கும் சுவரில் எறும்பு வரிசை போகும். கழகத்துக்கு மொத்தம் ஐந்து பேர். தலைவர் கொம்பையா, செயலாளர் மாசானம், பொருளாளர் தளவாய். பலவேசத்துக்குக் கொடுக்கப் பதவி எதுவும் மிச்சமில்லாததால் நோட்டீசில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பொதுமக்கள்' என்று போடுவார்கள்.

கழகம் தொடங்கிய பதினோரு வருஷத்தில் இந்த நாலு பேரும் தூக்கியது டீ கிளாஸ் மட்டும்தான். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்கு வருகிறேன். ஆனால் ஒருநாள் தவறாமல் வருவார்கள். பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் புஜத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கு கொஞ்சம் தேவல வே" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஐந்தாவது ஆள்தான் நிஜமாகவே எடை தூக்குகிறவள். பிரம்மசக்தி. கொம்பையாவின் அண்ணன் மகள், பத்தொன்பது முடிந்து இருபது நடக்கிறது. பகலில் அரிசி ஆலையில் வேலை, சாயங்காலம் கிட்டங்கியில் பயிற்சி. போன வருஷம் மாவட்டப் போட்டிக்குப் போனாள். மூன்று தடவையும் கம்பி கை நழுவிவிட்டது. பலம் இல்லாமல் இல்லை. கழகத்தில் அவள் பழகியது பழைய தண்ணீர்க் குழாயில். போட்டியில் வைத்திருந்ததோ நிஜமான பார்பெல் கம்பி. அதில் எடை மாட்டும் இரண்டு நுனியும் தனியாகச் சுற்றும். அந்தச் சுற்றலுக்கு அவள் கை பழகவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷத்தோடு இளையோர் பிரிவில் அவளுக்கு வயது முடிகிறது. முதலிடம் வந்தால் மாநிலப் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொள்வார்கள். வராவிட்டால் ஆயுசுக்கும் ஆலையில் தவிடு சலித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதைப் பேச ஆரம்பித்தால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். நானும்தான்.

இந்தச் சமயத்தில்தான் அந்த விதிவிலக்கு நடந்தது. போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கொம்பையாவுக்குத் திடீரென்று ஆசை வந்து குழாயைத் தூக்கினார். தூக்கிய வேகத்திலேயே போட்டார். குழாய் வில்லாக வளைந்து போயிற்று.

ஊரே சேர்ந்து வசூல் செய்து, நல்ல கம்பி ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. ஆலையில் லீவு கிடைக்காது. இருக்கிற ஒரு லீவைப் போட்டி நாளுக்கு வைத்திருந்தாள் சக்தி. அதனால் நாலு பேரையும் டவுனுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொம்பையா கையில் கொடுத்தாள். கம்பி நேராக இருக்க வேண்டும். நுனி லேசாகச் சுற்ற வேண்டும். பிடிக்கிற இடம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பதினைந்து கிலோ இருக்க வேண்டும், அதுதான் பெண்களுக்கான கம்பி.

"சித்தப்பா, இன்னொண்ணு கேட்டுக்கோங்க" என்றாள், வளைந்த குழாயைப் பார்த்தபடி. "அந்தக் கம்பிய யாரும் தூக்கப்பிடாது. நான்தான் மொதல்ல தூக்குவேன். யாரும்னா யாரும்தான்."

"சத்தியமா தூக்க மாட்டோம் தாயி" என்றார் கொம்பையா. மற்ற மூவரும் அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்.

டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர் அருமைநாயகம். பொறுமையான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அன்று காலை பத்து மணி வரைக்கும் அந்தப் பெயர் இருந்தது.

"பொம்பளப் பிள்ள தூக்குத கம்பி ஒண்ணு காட்டும்" என்றார் மாசானம்.

அருமைநாயகம் தாங்கியிலிருந்து ஒரு கம்பியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் வைத்தார். நாலு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"அட பாவி மனுசா, தூக்கிட்டீரே!"

"தூக்காம எப்படிங்க காட்ட?"

"மொதல்ல தூக்குதது எங்க பிள்ளயாக்கும். இத நீரு தூக்கிட்டீரு. வேற காட்டும்."

அவர் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் போயிற்று. இப்படியே ஆறு கம்பியைத் தூக்கிக் காட்டி ஆறையும் கெடுத்துவிட்டு அவர் மூச்சு வாங்கினார்.

"அப்பம் அந்தத் தாங்கியில இருக்குத மிச்சம்?" என்று கேட்டார் தளவாய்.

"அதுவும் நல்ல கம்பிதான்."

"அதுகள அங்க வச்சது யாரு?"

"நான்தான்."

"எப்படி வச்சீரு?"

"தூக்கித்தான்யா வச்சேன்!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடை முழுக்க ஏற்கெனவே தூக்கின சரக்கு. அதைக் கூச்சமில்லாமல் புதுசு என்று விற்கிறாரே என்று தளவாய்க்கு மனசே ஆறவில்லை.

கிளம்பப் போன நேரத்தில் கடையின் பின்வாசலில் லாரி வந்து நின்றது. பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து, நீளமான அட்டைக் குழல் ஒன்றைத் தள்ளிவிட்டார்கள். அது கடகடவென்று உருண்டு வந்து முற்றத்துச் சுவரில் முட்டி நின்றது. சுமைக்காரர் அதைத் தூக்கக் குனிந்தார். பலவேசம் பாய்ந்து போய் அதன்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார்.

"தொடாதீரும்! தொட்டா கொலை விழும்!"

விசாரணை நடந்தது. உள்ளே இருப்பது பதினைந்து கிலோக் கம்பி. இங்கே வந்தபின் யாரும் தூக்கவில்லை. லாரியில் ஏற்றியது எப்படி என்று கேட்டதற்கு, தொழிற்சாலையில் சங்கிலி போட்டு மிஷின்தான் ஏற்றியது என்றார் டிரைவர்.

"மிஷின் தூக்கியிருக்கே" என்று இழுத்தார் மாசானம்.

"மிஷினுக்கு ஓட்டு உண்டா?" என்று கேட்டார் கொம்பையா.

"இல்ல."

"ரேஷன் கார்டுல பேரு உண்டா?"

"இல்ல."

"அப்பம் அது ஆளுல சேத்தி கெடையாது. தாளை எடும்."

குழலை இழுத்து உருவி எறிந்துவிட்டு, தரையில் கிடந்த கம்பிக்கு அங்கேயே பரிசோதனை தொடங்கியது.

முதல் வரி, கம்பி நேராக இருக்க வேண்டும். "ஒரு கண்ண மூடிக்கிட்டு நுனியிலேருந்து பாருங்க, தெரிஞ்சிரும்" என்றார் அருமைநாயகம். கொம்பையாவும் தளவாயும் இடது கண்ணை மூடினார்கள். மாசானமும் பலவேசமும் வலது கண்ணை மூடினார்கள். பிறகு எல்லோரும் கண்ணை மாற்றிப் பார்த்தார்கள்.

"வே, எடக்கண்ணுல பாத்தா ஒரு எடத்துல கெடக்கு. வலக்கண்ணுல பாத்தா தள்ளிக் கெடக்கு. கம்பி அசையுதுவே!"

"ரெண்டு கண்ணாலயும் பாரும்."

"ரெண்டு கண்ணாலயும் பாத்தா சும்மா கெடக்கு."

"அப்பம் ரெண்டு கண்ணும் தெறந்திருக்கும்போது பயந்து நேரா கெடக்கு. நம்ம பிள்ள எப்பமும் ரெண்டு கண்ணையும் தெறந்துதான் தூக்கும். பாஸ்."

இரண்டாவது வரி, நுனி சுற்ற வேண்டும். பலவேசம் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல கம்பி, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "சுத்தும்போது அடுத்த சோதனைக்குப் போனா இதுக்கு மரியாதை இல்ல" என்று கொம்பையா சொன்னதால் நாலு பேரும் கை கட்டிக்கொண்டு நின்றார்கள். நின்றுவிடும் என்று தோன்றும்போதெல்லாம் பலவேசத்துக்குப் பாவமாக இருக்கும், இன்னொரு தட்டுத் தட்டுவார். இதில் முக்கால் மணி நேரம் போயிற்று.

மூன்றாவது வரி, சொரசொரப்பு. தளவாய் தடவிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷம் செங்கல் அறுத்த கை, காய்த்துப்போய்க் கிடந்தது. மற்றவர்கள் கையும் அப்படித்தான். "கைக்குத் தெரியாட்டா முதுகுக்குத் தெரியும்" என்று மாசானம் ஒரு வழி கண்டுபிடித்தார். வேனல் காலம், நாலு பேர் முதுகிலும் வேர்க்குரு. பனியனைக் கழற்றிவிட்டு, தரையில் கிடந்த கம்பியின்மேல் வரிசையாக மல்லாக்கப் படுத்து இப்படியும் அப்படியும் அசைந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் கொம்பையா.

"சொர்க்கம்வே" என்றார் தளவாய், கண்ணை மூடியபடி.

கடைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்கள் முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். அருமைநாயகம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார்.

நாலாவது வரிதான் கஷ்டம். பதினைந்து கிலோ இருக்கிறதா என்று எடை போட வேண்டும். கம்பியைத் தூக்கி எடை மிஷின்மேல் வைக்க முடியாது. "நுனியில 15னு அச்சுப் போட்டிருக்கே, பாருங்க" என்றார் அருமைநாயகம்.

"எழுதிட்டா ஆச்சா?" என்றார் மாசானம். "எங்க தலைவர் கையில சிங்கம்னு பச்சை குத்தியிருக்கு. அவரு சிங்கமா?"

கொம்பையா கௌரவமாகத் தலையை ஆட்டி, தான் சிங்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

கடைசியில், கம்பி மிஷின்மேல் ஏறாது என்றால் மிஷின் கம்பிமேல் ஏறட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஆள் ஏறி நிற்கிற எடை மிஷினைக் கொண்டுவந்து கம்பியின் மேல் வைத்தார்கள். முள் சைபரில் நின்றது.

"இதுக்கு எடையே இல்லியே!" என்று தளவாய் நெஞ்சில் கை வைத்தார்.

"மேல ஒரு அழுத்தம் குடுத்தாத்தான் எடை காட்டும்" என்றார் மாசானம். பலவேசம் மிஷின்மேல் உட்கார்ந்தார். முள் அறுபத்தெட்டுக்குப் போயிற்று.

"அதிகமாப் போச்சு. கொஞ்சம் எந்திரியும்."

பலவேசம் அரைவாசி எழுந்தார். முப்பது. இன்னும் கொஞ்சம் எழுந்தார். இருபது. தொடை நடுங்க நடுங்க, கொக்கு மாதிரி நின்றார்.

"பதினஞ்சு! அசையாதீரும்! சரியா பதினஞ்சு!" என்று கொம்பையா கத்தினார். நாலு பேருக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு துல்லியமான கம்பியை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை.

பணத்தை வாங்கிக்கொண்ட அருமைநாயகம், "ஆட்டோவுல தூக்கிப் போட்டுறவா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார். அதற்குமேல் அங்கே நடந்த பேச்சை நான் எழுத முடியாது.

டவுனிலிருந்து கட்டெறும்புவிளை பதினோரு கிலோமீட்டர். தூக்காமல் கொண்டுபோக ஒரே வழிதான் உண்டு. உருட்டினார்கள். நுனிக்கு ஒருவராக இரண்டு பேர் குனிந்து தள்ளுவது, மற்ற இரண்டு பேர் முன்னால் நடந்து சாலையில் கிடக்கும் கல்லைப் பொறுக்குவது, அரை மைலுக்கு ஒரு தடவை ஆள் மாற்றுவது. கம்பி சாலைக்குக் குறுக்கே போனதால் பின்னால் வந்த டவுன் பஸ் முந்த முடியாமல் நின்றது.

"யோவ், அதத் தூக்கி ஓரமாப் போடுங்கய்யா!" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"அது ஒண்ணு மட்டும் முடியாது ஐயா! வேற என்ன வேணாலும் கேளுங்க!" என்றார் கொம்பையா, குனிந்தபடியே.

அந்த பஸ்ஸில் என் மாமனாரும் இருந்தார். அவர் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று பார்க்க மறுபடி சாலைக்கு வந்தார். வரவில்லை.

ஆலமரத்து ஸ்டாப் பக்கத்தில் வேகத்தடை ஒன்று குறுக்கிட்டது. அங்கே பெரிய வாக்குவாதம்.

"இதுல ஏத்துனா கம்பி மேல போவும். மேல போனா அது தூக்குததுதான்" என்றார் மாசானம்.

"நாம எங்க தூக்குதோம்? ரோடுல்லா தூக்குது?"

"ரோடு மட்டும் தூக்கலாமா?"

"ரோடு கவர்மெண்டு போட்டது. அது தூக்குனா நாம என்ன செய்ய முடியும்? மனு எழுதலாம், அவ்வளவுதான்."

மனு எழுதுவது என்று முடிவு செய்து, மனம் நிம்மதியாகி, வேகத்தடையைத் தாண்டினார்கள்.

தாண்டியதும் சரிவு. உருட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் கம்பி தானாக ஓட ஆரம்பித்தது. "பாத்தியா, நல்ல சாதிக் கம்பி, ஊரு வாசனை தெரிஞ்சிட்டு" என்று தளவாய் பெருமைப்பட்டார். ஊர் வாசனை தெரிந்த கம்பி ஊருக்கு வெளியே இருக்கிற எருமைக்குட்டையில் போய் விழுந்து முழுகிவிட்டது.

நாலு பேரும் கரையில் நின்று குமிழி வருவதைப் பார்த்தார்கள்.

"நல்ல வேளை, முழுகிட்டு" என்றார் பலவேசம் பெருமூச்சு விட்டு. "மெதந்திருந்தா தண்ணி தூக்குனதா ஆயிருக்கும்."

மற்ற மூவருக்கும் அப்போதுதான் எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்று புரிந்தது. பலவேசத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

உள்ளே இறங்கி எடுத்தால் தூக்கியதாகிவிடும். அதனால் குட்டையையே இறைத்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று. அன்று மீதிப் பொழுதும் மறுநாள் முழுப் பகலும் இரண்டு வாளியை வைத்து இறைத்தார்கள். இறைத்த தண்ணீரைச் சரிவின்மேல் ஊற்றினார்கள். அது பதவிசாக ஓடி வந்து மறுபடி குட்டையில் சேர்ந்தது.

"அடியில பெரிய ஊத்து இருக்கு வே" என்றார் மாசானம். "இந்த ஊருல இனி தண்ணிப் பஞ்சமே வராது."

சக்தி ஆலை முடிந்து சைக்கிளில் நேராகக் குட்டைக்கு வந்தாள். முதல் நாள், 'வந்துக்கிட்டே இருக்கு' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை நம்பிக் கிட்டங்கியைப் பெருக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தவள்.

"சித்தப்பா, கம்பி எங்க?"

"பத்திரமா இருக்கு தாயி. தண்ணிக்குள்ள இருக்கு. ஒருத்தனும் தூக்கல. உம்மேல ஆணை."

அவள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். போட்டிக்கு ஏழு நாள் இருக்கிறது. இரண்டு நாள் குட்டையில் போய்விட்டது. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இதை எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது. நாலு பேரும் வாளியோடு பக்கத்தில் நின்று அவளோடு சேர்ந்து அழுதார்கள். ஏன் அழுகிறாள் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு எழுந்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். மார்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி, முங்கி, சேற்றோடு கம்பியைப் பிடித்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு பக்க நுனியில் பாசி தொங்கியது.

கரையில் கைதட்டல் வானைப் பிளந்தது. "மொதத் தூக்கு! மொதத் தூக்கு எங்க பிள்ளயோடது!" என்று கொம்பையா வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். அவரைத் திட்டுவதற்கு என்று அவள் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

ஏழு நாளும் இருட்டும் வரை அந்தக் கம்பியில் பயிற்சி செய்தாள். கம்பி அருமையான கம்பி. இதைச் சொல்லியே ஆகவேண்டும், யார் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டால், அதைவிட நல்ல கம்பியை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

போட்டி டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் போயிருந்தேன். முதல் வரிசையில் நாலு பேரும் புது பனியனில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றுவரை அவர்களில் ஒருவரும் எடை தூக்கும் போட்டியைப் பார்த்ததில்லை. சக்தி தூக்கும்போதெல்லாம் புஜம் தடவிக்கொண்டிருந்தவர்கள்தானே.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. குறைந்த எடை கேட்டவர்கள் முதலில் தூக்கி முடித்தார்கள். ஒருத்தி எண்பது கிலோ தூக்கி முன்னணியில் இருந்தாள். சக்தி எண்பத்திரண்டு கேட்டிருந்ததால் கடைசியாக வந்தாள்.

முதல் தடவை தோள் வரை வந்து விழுந்தது. நாலு பேரும் தலையைக் குனிந்தார்கள். இரண்டாவது தடவை தலைக்கு மேல் போயிற்று, கை ஆடியது, விழுந்துவிட்டது. தளவாய் துண்டைக் கடித்துக்கொண்டார். போன வருஷமும் இப்படித்தான் இரண்டு போயிற்று.

மூன்றாவது தடவை. கம்பியைப் பிடித்தாள். தோளுக்குக் கொண்டுவந்தாள், நுனி சுற்றியது, கை அசையவில்லை. ஒரு மூச்சு. காலை வீசி மேலே தள்ளினாள். எண்பத்திரண்டு கிலோவும் தலைக்கு மேல் நின்றது. அவளும் நின்றாள். நடுவர் பார்த்தார், கையை இறக்கிச் சைகை காட்டினார். தூக்கியது செல்லும், இனி கீழே விடலாம் என்று அர்த்தம். சக்தி கம்பியைக் கீழே விட்டாள். மூன்று வெள்ளை விளக்கு எரிந்தது. மண்டபம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

முதல் வரிசையில் மட்டும் இழவு வீடு.

"மூணாந் தடவையும் கீழ போட்டுட்டாளே!" என்று மாசானம் வாயில் அடித்துக்கொண்டார்.

"இவ்வளவு ஒசரம் கொண்டுபோயி, எடுத்த எடத்துலயே போட்டுட்டாளே!"

"கை தட்டுதானுவ பாரும். அசலூருப் பயலுவ. நம்ம பிள்ள போட்டதுல அவனுவளுக்கு எவ்வளவு சந்தோசம்!"

கொம்பையா எழுந்தார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. "வே, இவ்வளவு நாளு அவ ஒத்தையில தூக்குனா. நாம பெஞ்சுலயே இருந்துட்டோம். வாரும்" என்றார். என்னால் தடுக்க முடியவில்லை. முடிந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாலு பேரும் மேடையில் ஏறினார்கள். நுனிக்கு ஒருவர், நடுவில் இரண்டு பேர். கழக வரலாற்றில் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து எண்பத்திரண்டு கிலோவையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"யோவ், யாருய்யா நீங்க? எறக்குங்கய்யா!" என்று நடுவர் ஓடிவந்தார்.

"எறக்குத பேச்சே கெடையாது" என்றார் கொம்பையா, பல்லைக் கடித்தபடி. "எங்க பிள்ள தூக்குனது மேலதான் இருக்கும். இனி கீழ வராது. நாங்க புடிச்சிட்டோம். நீரு போயி மார்க்குப் போடும்."

"அவங்க ஜெயிச்சிட்டாங்கய்யா! முதலிடம்!"

"ஆறுதலுக்குச் சொல்லுதாரு" என்றார் தளவாய். "நல்ல மனுசன்."

சக்தி ஓடிவந்தாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, சிரிக்கவும் செய்கிறாள். "சித்தப்பா, நெசமாத்தான். நான் ஜெயிச்சிட்டேன். முகாமுக்கு எடுத்துட்டாங்க. கீழ வைங்க."

கொம்பையா யோசித்தார். புஜம் நடுங்கிக்கொண்டிருந்தது. "கீழ போட்டும் ஜெயிச்சியா தாயி?"

"ஆமா சித்தப்பா."

"அப்பம் மேலயே இருந்தா இன்னும் எவ்வளவு ஜெயிப்ப! பேசாம கீழ நில்லு."

வேறு வழியில்லாமல் பரிசளிப்பு அங்கேயே நடந்தது. நாலு பேர் தூக்கிப் பிடித்த கம்பி பந்தல் மாதிரி மேலே நிற்க, அதன் அடியில் நின்று பிரம்மசக்தி பதக்கம் வாங்கினாள். படம் எடுத்தார்கள். அதன் பிறகு நடுவர்கள் நாற்காலிமேல் நாற்காலியாக இரண்டு பக்கமும் அடுக்கி, கம்பியை அதன்மேல் வாங்கிக்கொண்டார்கள். கம்பி கீழே வைக்கப்படவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் மாசானம் கையை எடுத்தார்.

சக்தி இப்போது முகாமில் இருக்கிறாள். நூறு கிலோவைத் தாண்டிவிட்டாள் என்று கேள்வி.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கிட்டங்கிக்குள் எட்டிப் பார்த்தேன். பரிசளிப்புப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் உயரமாக மாட்டியிருந்தார்கள். படத்துக்கு அடியில், சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து இரண்டு சவுக்குக் கட்டை நிறுத்தியிருந்தது. படத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு வட்டம் போட்டு, 'இங்கே நிற்காதீர்கள்' என்று எழுதியிருந்தது.

"முட்டு எதுக்கு வே?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்டீரு போங்க" என்றார் கொம்பையா. "படத்துல நாங்க இன்னும் புடிச்சிக்கிட்டுத்தான நிக்கோம்? மாசக்கணக்காவுது. கை கடுக்காதா?"

அவர் ஒரு தைலப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீரு ஒசரமா இருக்கீரு. படத்துல பலவேசத்துக்கு எடது புஜம் எங்களுக்கு எட்டல. கொஞ்சம் தேச்சு விடும்."

வட்டத்துக்குள் கால் படாமல் எக்கி நின்று, கண்ணாடிமேல் தைலத்தை ஊற்றித் தேய்த்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார் பலவேசம், பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடியபடி. "ஆங், அங்கதான். சொகமா இருக்குவே."